வாடை திரும்பியதை யார் கவனித்தோம்?

ஐப்பசி பிறப்பதற்குச் சற்று முன்னும் பின்னுமாகத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய காரியம் நடக்கிறது. ஆனியிலிருந்து மேற்கே இருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று ஓய்ந்துவிடுகிறது. சில நாட்களுக்கு இலை அசையாது. உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் புழுக்கம், மாலையில் ஊருக்கு மேற்கே இடி. பிறகு ஒரு நாள் காற்று வடகிழக்கிலிருந்து கிளம்புகிறது. கொடியில் காயும் துணி நேற்றுப் பறந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பறக்கிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: மேகம் இப்போது கடலிலிருந்து வருகிறது. சாயங்காலம் பெய்த மழை பின்னிரவுக்கும் விடியற்காலைக்கும் மாறுகிறது. ஓர் ஆண்டில் இந்த மாநிலத்துக்குக் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான் வரவேண்டும்.

நாம் இதைப் பார்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியது என்று கைப்பேசியில் ஒரு வரி வருகிறது. உடனே நாம் கேட்பது ஒன்றுதான்: நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா?

நாம் என்று எழுதும்போது என்னை வெளியே நிறுத்திக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு மறதியிலும் எனக்குப் பங்கு உண்டு.

நமக்கென்று ஆறு பருவம் இருந்ததைப் பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இரண்டு மதிப்பெண் கிடைத்தது. அதற்குப் பிறகு நம் மனதில் நின்றது என்னவோ வேறொரு நாட்டின் நாலு பருவம். குளிர்காலத்தை வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் கூரையில் வெண்பனி படிந்த வீடும் புகைக்கூண்டும் வரைகிறார்கள். இலையுதிர்காலம் என்றால் நாமே கனடாவின் மேப்பிள் மரத்தைத்தான் நினைக்கிறோம். அந்தச் சிவப்பைக் கணினித் திரையில் வைத்துக்கொள்கிறோம். தெருமுனை நாட்டு வாதுமை மரம் மார்கழியிலும் தையிலும் அதே சிவப்பில் இலை பழுத்து உதிர்க்கிறது. அந்த மரம் நமக்குக் குப்பை போடும் மரம். துப்புரவுக்கு ஆள் வரவில்லை என்று புகார் சொல்லி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளையை வெட்டிவிட்டோம். பெருவாரியான நம் மரங்கள் ஐப்பசியில் இலை உதிர்ப்பதில்லை, மழையைக் குடித்துத் தழைக்கின்றன. உதிர்வது பனி முடியும் காலத்தில்தான். இதைக்கூட மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் வளர்ந்துவிட்டோம்.

இத்தனைக்கும் இந்தப் பருவத்தை நம் முன்னோரைப்போலக் கூர்ந்து பார்த்த ஆட்கள் உலகில் குறைவு என்று சொல்லிக்கொள்ள நமக்குச் சான்று இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான, நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடி. அதன் முற்பகுதி முழுக்கக் கூதிர்கால அடையாளங்கள். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு மாடுகளை ஓட்டிப்போன கோவலர் தீயில் கையைக் காய்ச்சிக்கொள்கிறார்கள். கறவை மாடு கன்றை மடியில் அண்ட விடாமல் உதைக்கிறது. புதர்தோறும் வெள்ளையாக முசுண்டையும் பொன்னிறத்தில் பீர்க்கும் பூக்கின்றன. வெயிலே தெரியாத நாளில் பொழுது எப்படித் தெரியும்? பூந்தட்டில் இட்டுவைத்த பித்திக மொட்டு விரிந்து மணக்கும்போது மாலை வந்தது என்று பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். வீட்டுப் புறாவுக்கு இரவா பகலா என்று புரியவில்லை. இரை தேடப் போகாமல் இறப்பிலேயே கால் மாற்றி உட்கார்ந்திருக்கிறது. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. விசிறியைச் சுருக்கித் தொங்கவிட்டாயிற்று. அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. குறுகிய வாய்க் குடத்துத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை.

பயன்படாத விசிறியில் சிலந்தி வலையைக் கண்ட அந்தக் கண்ணை நினைத்தால் எனக்கு ஆச்சரியமும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன. பெருமை பேசும் மேடைகளில் பத்துப்பாட்டை எடுத்துக்காட்டுகிறோம். அதில் உள்ள பீர்க்கம்பூவை நம் வேலியிலிருந்து பிடுங்கிவிட்டு மதில் கட்டினோம்.

அந்தக் காலத்து ஆட்கள் எல்லோரும் ரசிகர்கள், நாம் மட்டும் மரத்துப்போனவர்கள் என்று சொன்னால் அது பொய். அவர்கள் பார்த்தார்கள், பார்த்தே ஆகவேண்டியிருந்தது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிறதா, தட்டான் தாழப் பறக்கிறதா, அந்தியில் ஈசல் கிளம்புகிறதா என்பதில் அவர்கள் சோறு இருந்தது. புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்ற சொலவடைக்குள் விதைப்பை முந்துவதா பிந்துவதா என்ற கவலை இருந்தது. நமக்கு ஆழ்துளைக் கிணறு வந்தது. அதற்குப் பிறகு ஏரி நிறைந்ததா என்று கரைக்குப் போய்ப் பார்க்கும் அவசியம் போயிற்று. அவரையும் மொச்சையும் பனி விழுந்தால்தான் காய்க்கும் என்பது, கடையில் பன்னிரண்டு மாதமும் ஏதோ ஒரு காய் கிடைக்கத் தொடங்கியதும் மறந்தது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூடினோம், மூடியதால் ஏசி போட்டோம், ஏசி போட்டதால் ஜன்னலைத் திறப்பதே நின்றது. ஒவ்வொன்றும் நியாயமான சௌகரியம்தான். யாரும் நம் கழுத்தைப் பிடித்து இதைச் செய்யச் சொல்லவில்லை. வாசலில் சகதியாகிறது என்று சிமென்ட் போட்டோம். மாட்டுச்சாணமும் பூசணிப்பூவும் வைக்க மண் இல்லாமல் போனதும் கோலத்தையே ஸ்டிக்கராக வாங்கி ஒட்டினோம். மார்கழி வந்துவிட்டதற்கு அந்த ஸ்டிக்கர் சாட்சி சொல்லாது. அது ஆடியிலும் அங்கேதான் இருந்தது.

பார்ப்பதை நிறுத்தியது முதல் தவறு. அதிலிருந்துதான் மற்றவை எல்லாம் நடந்தன என்று நினைக்கிறேன். கண்ணில் படாத ஒன்றைக் காப்பாற்ற யாருக்கும் கை வராது.

பறவைகளைச் சொல்கிறேன். குளிர்காலத்துக்கான முதல் தூதர்கள் மழைக்கும் முன்னதாகவே வந்துவிடுகின்றன. இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, சாம்பல் வாலாட்டி நீலகிரி, கொடைக்கானல் ஓடைகளுக்கு ஆவணி, புரட்டாசியிலேயே வந்து வாலை ஆட்டத் தொடங்கிவிடும். தகைவிலான் மின்கம்பியில் வரிசையாக உட்காரும். பழுப்புக் கீச்சான் வேலிமுள் உச்சியில் உட்கார்ந்து கரகரவென்று கத்தும். இவை எல்லாவற்றையும்விட எனக்கு நெஞ்சில் உறுத்துவது ஆறுமணிக்குருவி. வட இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் வளர்ந்து, இரவிரவாகப் பறந்து ஐப்பசி வாக்கில் தெற்கே வரும் பறவை. விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் நம் ஆட்கள் அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். கடிகாரம் இல்லாத வீட்டுக்கு அது மணி சொன்னது. இன்றைக்கு அந்தப் பறவை நமக்கு எப்படி அறிமுகமாகிறது? அக்டோபரில் ஏதோ ஒரு அடுக்குமாடியின் கண்ணாடியில் மோதியோ, பயணக் களைப்பில் பால்கனியில் விழுந்தோ கிடக்கும். பச்சை, நீலம், மஞ்சள், வயிற்றடியில் ரத்தச் சிவப்பு. படம் எடுத்து, இது என்ன பறவை, ரொம்ப அழகாக இருக்கிறதே என்று குடியிருப்போர் குழுவில் போடுகிறோம். ஆண்டுதோறும் நம் தோட்டத்துச் சருகுக்குள் கிளறிக்கொண்டு குளிர்காலத்தைக் கழித்த பறவை நமக்கு ஓர் அதிசயமாகிவிட்டது. சருகைக் கூட்டிக் கொளுத்திய பிறகு அது எங்கே கிளறும்?

இன்னொரு விசித்திரம். வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் பெரும்பாலும் இந்தத் துணைக்கண்டத்துப் பறவைகளே. தண்ணீரும் மீனும் உள்ள இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் சீசன் வந்தால், ஆஸ்திரேலியாவிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள் என்றே எழுதுகிறோம், படிக்கிறோம், பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஊசிவால் வாத்து போல நிஜமாகவே தூர தேசத்திலிருந்து வருபவையும் உண்டு. கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்து இமயத்தையே தாண்டி வருகிறது. ஆனால் நத்தைகுத்தி நாரை நம் வயல் நண்டையும் நத்தையையும் தின்று வளர்ந்தது. சொந்த ஊர்க்காரரை வெளிநாட்டவர் என்று கைகாட்டும் அளவுக்கு நாம் அவற்றை விட்டு விலகிப் போயிருக்கிறோம்.

வேடந்தாங்கல் கிராமத்தார் அப்படி விலகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஏரியில் பறவை சுடுவதைத் தடுக்கவேண்டும் என்று அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு உரிமை வாங்கியவர்கள் அவர்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரம் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது, அன்பும் இருந்திருக்கும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக்குப் பக்கத்தில் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளி வருவது பறவைகள் கண்மாயில் கூடு கட்டும் ஐப்பசியில். ஒரு பண்டிகையின் சத்தத்தையே விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். நாம் அந்தச் செய்தியை நெகிழ்ச்சியோடு பகிர்ந்துவிட்டு, பத்தாயிரம்வாலா வாங்கப் போனோம்.

சென்னையின் பள்ளிக்கரணையைப் பற்றிப் பேசும்போது அரசைத் திட்டுவது நமக்கு வசதி. அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கண்முன்னால் குப்பைமேடாகவும் சாலையாகவும் கட்டடமாகவும் மாறியது. மிச்சம் இருப்பது 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சரி, அந்தக் கட்டடங்களில் குடியிருப்பது யார்? விளம்பரத்தில் ஏரிக்காற்று என்று போட்டிருந்ததை நம்பி, கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள் நாம்தான். பத்திரத்தைப் பார்த்தோம், பட்டாவைப் பார்த்தோம், மெட்ரோ வருமா என்று விசாரித்தோம். ஐப்பசியில் இந்த இடத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்க நமக்குத் தோன்றவில்லை. தியாகராய நகர் ஏரியை மூடி எழுந்ததென்பது நூறாண்டுக் கதை; நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்று முகவரி மட்டும் எஞ்சியிருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மாடிப்படியில் தண்ணீர் ஏறியபோது, எந்த முன்னறிவிப்பும் இல்லை என்று நாம் சொன்னோம். நவம்பர் முழுக்கப் பெய்து ஏரிகள் எல்லாம் கழுத்தளவு நிறைந்திருந்தன. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்த அந்த அறிவிப்பைப் பார்க்கும் பழக்கம் நமக்கு எப்போதோ போயிருந்தது.

வானிலை அறிக்கை வேண்டாம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ஒரே இரவில் கடல் கொண்டுபோன நாட்டில், புயல் எச்சரிக்கையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. எறும்பு முட்டை தூக்குவதைப் பார்த்துப் படகைக் கடலில் இறக்குங்கள் என்று எந்த மீனவருக்கும் சொல்லமுடியாது. ஆனால் பாக் நீரிணைக் கரையிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் மீனவர்கள் இரண்டையும் வைத்திருக்கிறார்கள்; கைப்பேசியில் எச்சரிக்கையைக் கேட்டுக்கொள்கிறார்கள், வாடையா, மேற்கே இருந்து வரும் கச்சானா என்று காற்றையும் முகத்தில் வாங்கிப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒன்று வந்ததும் மற்றதை வீசி எறிந்தது கரையில் வசதியாக உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

பூச்சிகளிடம் நாம் நடந்துகொண்ட விதம் தனிக்கதை. மழை நாளில் கொடுக்காப்புளி மரத்தடியில் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் அடைத்தோம். முட்டை இடும் என்று காத்திருந்தோம். ஈரமண்ணில் ஊர்ந்த சிவப்பு வெல்வெட் பூச்சியை உள்ளங்கையில் உருட்டினோம். தட்டான் வாலில் நூல் கட்டி, சின்னக் கல்லைத் தூக்கச் சொன்னோம். அக்டோபரில் கூட்டங்கூட்டமாகத் திரியும் தட்டான்களில் ஓர் இனம் மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-ல் எழுதினார். நாம் நூலில் கட்டி இழுத்தது அப்படிப்பட்ட ஒரு பயணியையாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளைப் பருவத்தில் செய்த அந்தக் கொடுமையை மன்னித்துவிடலாம், அதில் பார்வையாவது இருந்தது. பெரியவர்களான பிறகு தோட்டத்துக்கு மருந்து அடித்தோம், இரவெல்லாம் வெள்ளை விளக்கு எரியவிட்டோம், மண்ணை மூடினோம். இப்போது ஈசல் வந்தால் விளக்கை அணைக்காமல் ஸ்பிரே எடுக்கிறோம். ஈசலை வறுத்து அரிசியோடு தின்ற தலைமுறைக்கு அதனிடம் நம்மைவிட மரியாதை இருந்தது.

விளக்கு என்றதும் கார்த்திகை ஞாபகத்துக்கு வருகிறது. பௌர்ணமி நிலா கார்த்திகை மீன்கூட்டத்தின் அருகில் நிற்பதால்தான் அந்த மாதத்துக்கு அந்தப் பெயர். அதே மாதத்தில், நிலவில்லாத இரவுகளில் இருட்டியதும் கிழக்கே பார்த்தால் வெறும் கண்ணுக்கு ஆறு மீன் தெரியும். குளிர் வருகிறது என்பதற்கு வானத்தில் எழுதிய அடையாளம் அது. வாசலில் அகல் வரிசை வைக்கிறோம். மாடியில் எல்இடி சரம் தொங்கவிடுகிறோம். எந்த மீனின் பெயரால் விளக்கு வைக்கிறோமோ அதைக் காட்டு என்று பிள்ளை கேட்டால் நம்மில் பலருக்குத் திசைகூடத் தெரியாது. சூரியன் தெற்கே நகர்ந்து, கார்த்திகையில் சென்னையில் 5.40-க்கெல்லாம் விழுந்துவிடுவதையும் நாம் பார்ப்பதில்லை. அலுவலகத்தில் விளக்கு ஒரே அளவாக எரிகிறது. மாவலி சுற்றுவதற்குப் பனம்பூக் கரி எங்கே கிடைக்கும் என்று இப்போது தேடுகிறோம். பனைமரத்தைச் செங்கல் சூளைக்கு அனுப்பியவர்களும் நாமே. ஆனாலும் தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு சந்தைக்கு வந்துவிடுகிறது. புரட்டாசியில் பனங்கொட்டையைப் பொறுக்கி மண்ணில் புதைத்த யாரோ இன்னும் இருக்கிறார்கள்.

எழுதிச் சொல்ல ஆள் இல்லாமலும் போகவில்லை. மா. கிருஷ்ணன் மயிலாப்பூரில் இருந்தவர். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று நூலாக வந்திருக்கின்றன. யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டுப் பல்லியைப் பற்றியும் எழுதியவர். அவரைக் கல்கத்தாவில் இரு வாரத்துக்கு ஒருமுறை படித்தார்கள். அவர் நடந்த தெருக்களில் நடந்த நம்மில் பலருக்கு அவர் பெயர் அவர் போன பிறகுதான் தெரிந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு அவநம்பிக்கை இல்லை. காரணம், நாம் மறந்தாலும் அடையாளங்கள் இன்னும் வருகின்றன. கார்த்திகையில் வேலியோரம் செங்காந்தள் பூத்துவிடுகிறது. மாநில மலரென்று பரீட்சையில் எழுதியது அதுதான். ஏழிலைப்பாலை நிற்கும் சாலையில் இரவில் தலை சுற்றும் வாசம். மரமல்லி விடியலில் தரையை வெள்ளையாக்குகிறது. ஊதா நிற டிசம்பர் பூவைப் பூக்காரம்மா இன்னமும் சரியாக மாதம் பார்த்துத்தான் கட்டுகிறார். பருவத்தை மறக்காத பெண் நம் தெருவிலேயே கூடையோடு நிற்கிறார். அவரிடம் நாம் விலை மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.

சரிசெய்யப் பெரிய இயக்கம் தேவையில்லை. கேரளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் ஆளுக்கு ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை போய், இலை துளிர்த்ததா, பூத்ததா, காய்த்ததா என்று குறித்துவைக்கிறார்கள். நம் பிள்ளைகளும் செய்யலாம். அவர்களுக்கு முன்னால் நாம் செய்யலாம். வாசல் சிமென்ட்டில் முறம் அகலத்துக்கு உடைத்து மண்ணைத் திறந்துவிட்டால் ஒரு பீர்க்கங்கொடிக்கு அது போதும். சருகைக் கொளுத்தாமல் மதிலோரம் குவித்துவிட்டால் ஆறுமணிக்குருவிக்கு ஒரு மூலை கிடைக்கும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று கண்ணில் பட்டதை எழுதினாலே அதில் சேர்ந்துகொள்ளலாம். முதல் பட்டியலில் காகம், மைனா, மாடப்புறா என்று மூன்றோடு பேனா நின்றுவிடும். நாலாவதாக மதிலில் உட்கார்ந்து வாலை ஆட்டும் ஒன்றின் பெயர் தெரியாது. கைப்பேசி சொல்லிவிடும்தான். ஆனால் அது எந்த மாதம் வந்தது, முன்பெல்லாம் எத்தனை வந்தன, அது வந்தால் ஊரில் என்ன விதைத்தார்கள் என்பதை அறிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள். பனிக்குப் பயந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அவர்களிடம் இந்த மார்கழிக்குள் போய்க் கேட்டுவிட வேண்டும்.